மயக்கம் தெளிஞ்சாத்தான் தெரியும்!

மார்பில் சின்னதாக ஒரு கட்டி. 'டெஸ்ட் பண்ணிடலாம்' என்கிறார் டாக்டர். மயக்க மருந்து கொடுத்து, கட்டியில் கொஞ்சம் வெட்டி உடனே லேபுக்கு அனுப்புகிறார்கள். கேன்சர் இல்லையா... தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. இருக்கா? அதே மேஜை, அதே மயக்கம்... மார்பகத்தையே எடுத்துடுவாங்க! கண் விழித்து, கட்டைத் தடவிப் பார்த்துதான் அந்தப் பெண் விஷயத்தைத் தெரிஞ்சுக்கணும்.

திகில் படக் கதை இல்லீங்க. 1970-களில் அமெரிக்காவில் இதுதான் வழக்கம். கையெழுத்து மட்டும் முன்னாடியே வாங்கிடுவாங்க!

19-ம் நூற்றாண்டின் கடைசியில் பால்டிமோர் சர்ஜன் வில்லியம் ஹால்ஸ்டெட் காட்டிய வழி அது. மார்பகம், அதற்குக் கீழே உள்ள தசை, அக்குளில் உள்ள நெறிக்கட்டிகள் எல்லாமே காலி. 'நிறைய வெட்டினா நோய் திரும்பாது' என்பது கணக்கு. கை வீங்கிப்போய் பல பெண்கள் காலமெல்லாம் அவதிப்பட்டார்கள்.

1974-ல் ரோஸ் குஷ்னர் என்ற பெண் பத்திரிகையாளருக்குக் கட்டி வந்தது. "முதல்ல டெஸ்ட் மட்டும் பண்ணுங்க. ரிசல்ட் பார்த்துட்டு நான் முடிவு பண்றேன்" என்றார். ரொம்ப நியாயமான கோரிக்கைதானே? ஆனா, சம்மதிக்கிற சர்ஜனைத் தேடி அலைய வேண்டியிருந்தது! கேன்சர்னு தெரிஞ்ச பிறகு அவரும் மார்பகத்தை எடுத்துக்கொள்ளத்தான் செய்தார். ஆனா, தசையை விட்டுவைக்கிற ஆபரேஷனாகத் தேடிப் போய், தெரிஞ்சே செஞ்சுக்கிட்டார். 1979-ல் அமெரிக்க அரசின் நிபுணர் குழு 'டெஸ்ட் தனி, ஆபரேஷன் தனி' என்று சொன்னபோது, டாக்டர் அல்லாத இவரும் அந்தக் குழுவில் இருந்தார்.

சரி, முழுசா எடுத்தாத்தான் பிழைக்க முடியுமா? பெர்னார்ட் ஃபிஷர் என்ற சர்ஜன் 1976-ல் ஒரு ஆய்வைத் தொடங்கினார். யாருக்கு எந்த ஆபரேஷன் என்பதைக் குலுக்கல் மாதிரி முடிவு செய்தார்கள். சிலருக்கு முழு மார்பகம், சிலருக்குக் கட்டி மட்டும், மீதிப் பேருக்குக் கட்டியை எடுத்து ரேடியேஷன். 1,851 பெண்களின் 20 வருட ரிசல்ட் 2002-ல் வெளியானது. உயிர் பிழைத்ததில் மூணு குரூப்புக்கும் பெரிய வித்தியாசமே இல்லை! இத்தாலியில் உம்பர்ட்டோ வெரோனேசி நடத்திய ஆய்விலும், முழுசா எடுத்தவர்களும் மார்பகத்தைக் காப்பாற்றிக்கொண்டவர்களும் உயிர் பிழைத்ததில் சமம்தான்.

ஒரு 'ஆனா' இருக்கு. கட்டியை மட்டும் எடுத்தவர்களில், ரேடியேஷன் இல்லாமல் விட்டால் 39 சதவிகிதம் பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. ரேடியேஷன் கொடுத்தால் அது 14 சதவிகிதம். அதனால, 'கட்டியை எடுத்தாச்சு, அவ்வளவுதான்' என்று பாதியில் நின்றுவிடுவது ஆபத்து. கட்டி பெரிசா இருந்தாலோ, பல இடத்தில் பரவியிருந்தாலோ முழுசா எடுக்கச் சொல்வாங்க. இன்னும் சிலர் 'எனக்கு அந்தப் பயமே வேண்டாம்' என்று தாங்களாகவே அதைத் தேர்ந்தெடுப்பதும் உண்டு. அதுவும் அவங்க உரிமை.

அம்மாவுக்கோ அத்தைக்கோ துணையா நீங்க போறீங்கன்னா, தயங்காம கேளுங்க: "டாக்டர், கட்டியை மட்டும் எடுக்க முடியுமா? முடியாதுன்னா ஏன்? ரேடியேஷனுக்கு எத்தனை நாள் வரணும்? எடுத்தப்புறம் மார்பகத்தைத் திரும்ப அமைக்க வழி இருக்கா?" அப்படியே அம்மா பக்கம் திரும்பி, அவங்களுக்கு என்ன தோணுதுன்னும் கேட்டுடுங்க.