நெற்குவியலின் உட்சூட்டை அறிதல்

நன்கு காயாத நெல்லைக் களஞ்சியத்திற் சேர்த்த கமக்காரர், சில கிழமைகளின் பின் குவியலுட் கையை விட்டால் சூட்டை உணர்வர். நெல் உயிருள்ள பொருள், அது சுவாசிக்கின்றது. ஈரம் மிகுந்த நெல் விரைந்து சுவாசிப்பதால் வெப்பம் பிறக்கின்றது. பூஞ்சணமும் வண்டுகளும் பெருகி அதனை மேலும் உயர்த்துகின்றன. நெல் வெப்பத்தை எளிதிற் கடத்தாது. ஆகவே சூடு குவியலின் நடுவிலேயே தங்கிவிடுகின்றது. மேற்பரப்புக் குளிர்ந்திருப்பினும், உள்ளே விதைநெல்லின் முளைதிறன் அழிந்துகொண்டிருக்கும். விதைத்த பின்னரே நட்டம் வெளிப்படுமாயின், அப்போகத்திற்குப் பரிகாரமில்லை.

ஆதலின் உட்சூட்டைக் காலத்தோடு அறிதல் வேண்டும். பெருங் களஞ்சியங்களில் வெப்பமானிகள் பொருத்திய வடங்களைத் தொங்கவிடுவர். நெல்லை இறக்கும்பொழுது இவ்வடங்கள் இழுபட்டு அறுவதுண்டு. கம்பியும் மின்கலமும் இன்றி வெப்பநிலையை அறியும் வேறொரு முறையும் உளது. அதுவே நுண்ணலைப் பரிவுக் கருவி.

இதன் தத்துவம் எளிது. வெறும் போத்தலின் வாயில் ஊதினால் ஒரு சுரம் எழும். போத்தல் பெரிதாயின் சுரம் தாழும். அவ்வாறே, செம்பினாலான சிறு குடுவைக்கும் வானலைகளுள் தனக்குரிய ஒரு மீடிறன் உண்டு. வெளியிலிருந்து நுண்ணலைகளைச் செலுத்தினால், குடுவை தன் மீடிறனுக்கு இசைந்து அதிர்ந்து, அதனையே திருப்பியனுப்பும். சூடேறினால் செம்பு விரியும், மீடிறன் தாழும். 2400 மெகாஹேட்சில் அதிரும் செப்புக் குடுவை ஒரு பாகை செல்சியசு சூடேறினால், அதன் மீடிறன் ஏறக்குறைய 40 கிலோஹேட்சு குறையும். இதனை அளந்து வெப்பநிலையைக் கணிக்கலாம்.

மின்கலமற்ற இத்தகைய குடுவை புதியதன்று. 1945 இல் மொஸ்கோவில் அமெரிக்கத் தூதுவருக்கு அளிக்கப்பட்ட மரச் சின்னத்துள், லியோன் தெரெமின் அமைத்த ஒட்டுக்கேட்கும் கருவி இவ்வாறே இயங்கிற்று. அது 1952 இல் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று மின்கலமற்ற பரிவுக் கருவிகள் உயர் மின்னழுத்த ஆளிப்பெட்டிகளில் வெப்பநிலையை அறிய உதவுகின்றன.

எனினும் நெல்லில் ஓர் இடர்ப்பாடு உண்டு. நீர் நுண்ணலைகளை உறிஞ்சும். நெல் எவ்வளவு ஈரமோ, அவ்வளவுக்கு அலைகள் வலுவிழக்கும். அபாயம் மிகுந்த ஈரக் குவியலிலேயே கருவியின் குரல் மங்கும். ஆகவே, கமக்காரர் இதனை எதிர்பார்த்திராது பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுதல் நன்று:

1. விதைநெல்லின் ஈரப்பதன் 13 சதவீதத்திற்கு மேற்படாதவாறு காயவிடுக. சூடு ஆறிய பின்னரே சாக்கிலிடுக.

2. சாக்குகளை நிலத்திலும் சுவரிலும் படாது மரச் சட்டங்களின் மேல் அடுக்குக.

3. கிழமைக்கொரு முறை இரும்புக் கம்பியொன்றைக் குவியலின் நடுவரை செலுத்திக் கால் மணி நேரத்தின் பின் எடுத்துத் தொட்டுப் பார்க்க. சூடாயிருப்பின் அன்றே நெல்லை விரித்து மீண்டும் காயவிடுக.

4. விதைப்புக்கு முன் 100 நெல்மணிகளை ஈரத்துணியில் முளைக்க வைக்க. 85 இற்குக் குறைவாக முளைப்பின் வேறு விதை தேடுக.

வெங்காயமும் உருளைக்கிழங்கும் குவியலில் இவ்வாறே சூடேறும். அவற்றைக் காற்றோட்டமுள்ள தட்டுகளிற் பரப்புக. ஐயமுளதாயின் விவசாயப் போதனாசிரியரை அணுகுக.