புளியங்காட்டின் சிக்கனம்

நுழையும்முன்

விலை குறைந்த பொருளை மதிப்புக் குறைந்த பொருளாக எண்ணிவிடுவது நம் இயல்பு. தமிழர் அடுக்களையில் நாள்தோறும் கரைக்கப்படும் புளி அத்தகைய பொருள்களுள் ஒன்று. குறைந்த செலவில் அதன் முழுப்பயனையும் பெறும் வழிகளையும் அவற்றின் பின்னுள்ள காரணங்களையும் இப்பாடம் விளக்குகிறது.

மரத்தால் பெயர்பெற்ற ஊர்

விழுப்புரம் மாவட்டத்தின் முதன்மையான நகரங்களுள் ஒன்று திண்டிவனம். 'திந்திரிணி' என்னும் வடசொல் புளியமரத்தைக் குறிக்கும். புளியமரங்கள் அடர்ந்திருந்த திந்திரிணீவனமே திண்டிவனம் என மருவியது என்பர். அவ்வூர்ச் சிவன்கோயிலில் எழுந்தருளியுள்ள இறைவனின் திருப்பெயரும் திந்திரிணீசுவரர் என்பதே. புளியமரத்தின் தாயகம் ஆப்பிரிக்கா எனத் தாவரவியலார் கருதுகின்றனர். எனினும், அரேபியர் புளியைத் 'தமர் ஹிந்தி', அதாவது 'இந்தியப் பேரீச்சை' என்றே அழைத்தனர். 'டாமரின்டஸ் இண்டிகா' என்னும் அறிவியற்பெயர் அதன் வழிவந்ததாகும்.

வாங்குவதும் காப்பதும்

புளியம்பழம் முற்றிப் பழுத்ததும் சதை சுருங்கி ஓட்டைவிட்டு விலகிவிடும். பற்றற்ற வாழ்வுக்கு 'ஓடும் புளியம்பழமும் போல' என உவமை கூறுவது இதனால்தான். மாசி, பங்குனியை ஒட்டிய அறுவடைப் பருவத்தில் வரத்து மிகும், விலை தணியும். ஓராண்டுக்கு வேண்டிய புளியை அப்போதே வாங்கிவிடுவது சிக்கனத்தின் முதற்படி.

கொட்டைப்புளி மலிவாகத் தோன்றும். ஆனால், ஒரு கிலோ கொட்டைப்புளியில் கிடைக்கும் சதை ஏறத்தாழ 600 கிராம்தான். இவ்வளவு மரத்துக்கு மரம் வேறுபடவும் கூடும். எனவே, அதன் விலை கொட்டை நீக்கிய புளியின் விலையில் ஐந்தில் மூன்று பங்குக்கும் குறைவாக இருந்தால் மட்டுமே சதையளவில் ஆதாயம் உண்டு. இக்கணக்கு, அடுக்களைக்குள் நடக்கும் எளிய பொருளியல் பாடம்.

நார் நீக்கி வெயிலில் உலர்த்திய புளியைக் கல்லுப்புத் தூவி, மண்பானையிலோ பீங்கான் சாடியிலோ அடுக்கி வைப்பர். உப்பு, புளியிலுள்ள ஈரத்தை ஈர்த்துப் பூஞ்சை வளராமல் தடுக்கிறது. திண்டிவனத்திற்குக் கிழக்கே மரக்காணத்தில் உப்பளங்கள் உள்ளன; ஆகவே, புளியும் உப்பும் ஒரே வட்டாரத்தின் விளைபொருள்கள். பித்தளை, செம்புப் பாத்திரங்களில் புளியை வைத்தால் அமிலம் உலோகத்தை அரித்துக் களிம்பு ஏறும். அது உடலுக்குத் தீங்கு தரும்.

எரிபொருளைக் காக்கும் அறிவு

புளிப்புக்கு முதன்மையான காரணம் டார்டாரிக் அமிலம். காய்களின் செல்சுவர்களைப் பிணைத்து நிற்கும் பெக்டின் என்னும் பொருள் அமிலத்தில் எளிதில் கரைவதில்லை. அதனால்தான், பருப்பும் காயும் வெந்தபின் புளிக்கரைசலை ஊற்றுமாறு மூத்தோர் கூறினர். முன்னதாக ஊற்றினால் வேகும் நேரம் நீளும். விறகும் எரிவாயுவும் வீணாகும். மீன்குழம்பில் புளி சேர்ப்பதற்கும் காரணம் உண்டு. மீனின் கவிச்சிக்குக் காரணமான காரத்தன்மையுள்ள சேர்மங்களை அமிலம் நடுநிலையாக்கி வாடையைக் குறைக்கிறது. வழிநடைப் பயணத்திற்குப் புளிச்சோறு கட்டிச் சென்றதும் அமிலம் கெடுதலைத் தாமதப்படுத்தும் என்னும் பட்டறிவினாலேயே.

எஞ்சியவை எதற்கு?

கரைத்துப் பிழிந்த சக்கையிலும் அமிலம் எஞ்சியிருக்கும். அதனுடன் சிறிது உப்பு சேர்த்துத் தேய்த்தால் பித்தளைக்குடமும் செப்புப்பாத்திரமும் பளபளக்கும். மேற்பரப்பில் படிந்த ஆக்சைடு அமிலத்தில் கரைவதே காரணம். இளந்தளிர் துவையலாகும். கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி ஊறவைத்து உண்பர். பல்லாங்குழிக் காய்களாகவும் பயன்படுத்துவர். கொட்டையின் மாவு பருத்தி, சணல் நூலுக்குக் கஞ்சியிடப் பயன்படுகிறது. ஒடிசா மாநிலத்தின் பட்டச்சித்திர ஓவியர்கள், புளியங்கொட்டைப் பசையுடன் சுண்ணத்தூள் கலந்து பூசித் துணியை ஓவியம் வரைவதற்கு ஏற்றதாக்குகின்றனர்.

உடல்நலமும் அளவும்

ஃபுளூரைடு மிகுந்த நீரைப் பருகுவோருக்குப் பல்லும் எலும்பும் பாதிக்கப்படும். உணவில் புளி சேர்த்தபோது, சிறுநீர் வழியே வெளியேறும் ஃபுளூரைடின் அளவு கூடியதை ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்டனர். சிறுவர் சிலரிடம் நடத்தப்பட்ட சிறிய ஆய்வு அது. ஆகவே, புளியை மருந்தெனக் கொள்ளுதல் பொருந்தாது; தூய குடிநீருக்கு அது மாற்றும் அன்று. நெஞ்செரிச்சல், வயிற்றுப்புண் உடையோர் அளவோடு உண்பதே நன்று.

மரம் இருந்தால்தான் மலிவு

தமிழகத்தின் நெடுஞ்சாலைகளில் நிழலுக்காக நடப்பட்ட புளியமரங்களின் மகசூலை ஆண்டுதோறும் ஏலம் விடுவது வழக்கம். காற்றில் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிச் சென்ற எளியோருக்குப் புளி, காசின்றிக் கிடைத்த பொருளாக இருந்தது. சாலைகள் அகலமாக்கப்பட்டபோது அம்மரங்களுள் பல வெட்டப்பட்டன. நிழலோடு ஏழைகளின் ஓராண்டுச் சேமிப்பும் அங்கே சாய்ந்தது. விதையிலிருந்து வளரும் புளியமரம் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். ஒட்டுக்கன்றுகள் விரைந்து பலன் தருகின்றன. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பெரியகுளம்-1 இரகத்தின் ஒட்டுக்கன்று, நான்காம் ஆண்டு முதலே காய்க்கத் தொடங்கும்.

சக்கையையும் வீணாக்காத கைகள் சிக்கனத்தின் ஒரு பாதியைக் கற்றுத் தந்தன. மரத்தை வீணாக்காதிருப்பது மறுபாதி. புளியங்காட்டின் பெயரைத் தாங்கிய ஊரில் புளியமரம் பெயரளவில் மட்டுமே நிற்றல் ஆகாது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்ச் சந்தையில் கொட்டைப்புளி, கொட்டை நீக்கிய புளி ஆகியவற்றின் விலையைக் கேட்டறிந்து, எது சிக்கனம் எனக் கணக்கிடுக.
2. மரங்களால் பெயர்பெற்ற ஊர்கள் ஐந்தனைத் தொகுத்து, அம்மரங்கள் இன்றும் அங்குள்ளனவா எனக் கண்டறிந்து எழுதுக.