பெரணி வெளுக்கிறதா? உரம் போடும் முன் இலையைப் பாருங்கள்!

ஏற்காடு, கொடைக்கானல், நீலகிரி மலைகளில் மர நிழலில் தானாகச் செழித்துக் கிடப்பது பெரணி. பூங்கொத்துக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் தேவைப்படுவதால், சமவெளி நாற்றுப் பண்ணைகளிலும் இதை வளர்க்கிறார்கள். அங்கே பெரிய தலைவலி, இலை வெளுத்துப்போவதுதான். வெளுத்த தொட்டி விலைபோகாது. பதறிப்போய் யூரியாவை அள்ளிப்போட்டால், மெல்லிய வேர் கருகி, இருக்கிற செடியும் போய்விடும். எந்த இலை, எப்படி வெளுக்கிறது என்று கவனித்தாலே காரணம் பிடிபடும்.

பழைய இலையா, புது இலையா?

அடியில் உள்ள பழைய இலைகள் சீராக மஞ்சளானால், தழைச்சத்துப் பற்றாக்குறை. இலைமட்கும் மண்புழு உரமும் போதும்.

புது இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால், இரும்புச்சத்து கிடைக்கவில்லை. சுண்ணாம்பு கலந்த போர்வெல் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றினால் மண்ணின் காரத்தன்மை கூடி, இருக்கிற இரும்பையும் வேரால் எடுக்க முடியாது. மழைநீரைச் சேமித்து ஊற்றுவது நல்லது. உடனடித் தீர்வாக, லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் இரும்பு சல்பேட், 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து மாலையில் தெளிக்கலாம். முதலில் ஒரு தொட்டியில் தெளித்து, 3 நாள்கள் பார்த்த பிறகே மற்றவற்றுக்குத் தெளிக்க வேண்டும். கிணற்றுச் சுவர் இடுக்கில் முளைக்கும் கருந்தண்டுப் பெரணி சுண்ணாம்பைத் தாங்கும்; அதற்கு இந்தச் சிக்கல் குறைவு.

வெயில், சிலந்தி, நூற்புழு

வெயில் படும் பக்கம் மட்டும் வெளுத்தால், 75 சதவிகித நிழல்வலைக்குள் மாற்றுங்கள். ஊசி குத்தியதுபோல வெளிர் புள்ளிகளும், அடியில் மெல்லிய வலையும் தெரிந்தால் செஞ்சிலந்தி. இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவ வேண்டும்.

நரம்புகளுக்கு இடையே பட்டை பட்டையாக வெளுத்துப் பழுப்பானால், இலை நூற்புழுவாக இருக்கலாம். ஈர இலை வழியே அடுத்த செடிக்குப் பரவும் என்பதால், அந்த இலைகளை வெட்டி எரித்துவிட்டு, தண்ணீரை இலைமேல் படாமல் வேரில் மட்டும் ஊற்றுங்கள்.

இது நோயல்ல!

இலையின் அடியில் வரிசையாக இருக்கும் பழுப்புப் புள்ளிகள், பெரணியின் வித்துகள். தேயிலை, காபித் தோட்ட ஓரங்களில் அடிப்பக்கம் வெள்ளைப் பொடி பூசிய பெரணியைப் பார்க்கலாம். குழந்தைகள் கையில் அழுத்தி அச்சு எடுப்பது இதில்தான். இலை நடுவே வெள்ளிப்பட்டை ஓடும் வகையும் உண்டு. இவற்றுக்கு மருந்து தேவையில்லை. அந்த வெள்ளிப்பட்டைதான் அதற்கு விலையே!