ஊர்ப் பொறுப்பைச் சிறுமிகளிடம் கொடுத்தவர்

1914 ஆகஸ்ட். இன்றைய போலந்தில், டாட்ரா மலையடிவாரத்தில் உள்ள ஸாகோபானே ஊரின் ஆண்கள் போருக்குக் கிளம்பிவிட்டார்கள். தபாலை யார் பட்டுவாடா செய்வது? வேலைக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வது? இரண்டையும் கையில் எடுத்தவர்கள் சாரணச் சிறுமிகள். அவர்களைப் பழக்கியவர் ஓல்கா மாவ்கோவ்ஸ்கா. அப்போது அவருக்கு வயது 25.

போலந்து என்றொரு நாடே அன்று வரைபடத்தில் கிடையாது. ரஷ்யா, ஜெர்மனி, ஆஸ்திரியா மூன்றும் அதைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தன. ஆஸ்திரியா வசமிருந்த லிவூஃப் நகரில் (இன்று உக்ரைனின் லிவிவ்) இசை படித்த ஓல்கா, உடற்பயிற்சிக் கல்வியிலும் இறங்கினார். விடுதலைக்காகத் தயாராகிவந்த இளைஞர் வட்டத்தில் அவருக்கு அறிமுகமானவர் அன்ட்ஜெய் மாவ்கோவ்ஸ்கி. ஒழுங்கை மீறியதற்காக அன்ட்ஜெய்க்கு ஒரு தண்டனை கிடைத்தது: சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலின் நூலைப் போலிஷில் மொழிபெயர்க்க வேண்டும். மொழிபெயர்க்க உட்கார்ந்தவர் அந்த நூலிலேயே மனதைப் பறிகொடுத்தார். 1911 மே மாதம் லிவூஃபில் முதல் சாரணர் படைகள் அமைந்தபோது, அவற்றில் ஒன்று பெண்களுக்கு. தலைவி, ஓல்கா.

1913-ல் இருவரும் மணந்தார்கள். சேர்ந்து வாழ்ந்த காலம் கொஞ்சம்தான். 1919 ஜனவரியில் அன்ட்ஜெய் சென்ற கப்பல் மெசினா நீரிணை அருகே கண்ணிவெடியில் சிக்கி மூழ்கியது. சின்னஞ்சிறு மகனோடு ஓல்கா தனித்து நின்றார்.

அவருடைய ஆசிரியப் பணி முழு உருவம் எடுத்தது அதன் பிறகுதான். விடுதலை பெற்ற போலந்தில், பியெனினி மலைப்பகுதியின் துனாயெட்ஸ் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில், 1920-களின் நடுவில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். பாடம் ஒருபக்கம், சாரணியம் ஒருபக்கம் என்ற பிரிவே அங்கில்லை. சாரண முறையே பள்ளி நடந்த முறை. சாரணத் தலைவியருக்கும் அங்கே பயிற்சி கிடைத்தது. 1932-ல் சிறுமியர் சாரணியத்தின் உலக மாநாடே போலந்தில் கூடும் அளவுக்கு அந்நாட்டு இயக்கம் வளர்ந்திருந்தது.

1939-ல் மறுபடி போர். பிரிட்டன் போய்ச் சேர்ந்த ஓல்கா, அங்கும் சும்மா இருக்கவில்லை. டெவன் வட்டாரத்தில் போலந்துக் குழந்தைகளுக்கென ஓர் இல்லம் நடத்தினார். 1961-ல் தாய்நாடு திரும்பினார். 1979 ஜனவரி 15 அன்று, 90 வயதில், ஸாகோபானேயில் காலமானார்.

போலந்துச் சாரணியத்தின் தந்தை என்று அன்ட்ஜெயைக் கொண்டாடுகிறார்கள், தகும். ஆனால் அவருக்குக் கிடைத்தது எட்டே ஆண்டுகள். சிறுமிகளை நம்பிப் பொறுப்பைக் கொடுத்தால் செய்துகாட்டுவார்கள் என்பதை வகுப்பறையிலும் முகாமிலும் அகதி இல்லத்திலும் தலைமுறை தலைமுறையாக நிரூபித்தவர் ஓல்கா.