ஒரு கரண்டி உயிர்ச்சத்து

ஒன்பது மாதம் நிறைந்த குழந்தைக்குத் தட்டம்மைத் தடுப்பூசி இடும் நாளில், எண்ணெய் போன்ற இனிய மருந்து ஒன்றையும் அதன் வாயில் ஊற்றுவதை நீங்கள் கண்டிருக்கலாம். அது உயிர்ச்சத்து ‘ஏ’ கரைசல். முதல் முறை ஒரு மில்லிலிட்டர் தருவர். ஒன்றரை வயதளவில் இரண்டு மில்லிலிட்டர் தருவர். பின்னர் அதே அளவை ஆறு மாதங்களுக்கு ஒருமுறை ஐந்து வயது வரை தருவர். ஆக மொத்தம் ஒன்பது முறை. 1970ஆம் ஆண்டில் நம் நாட்டில் இத்திட்டம் தொடங்கியபோது, கண்ணொளியைக் காப்பதே அதன் நோக்கமாக இருந்தது. மூச்சுக்கும் இம்மருந்துக்கும் தொடர்பு உண்டு என்னும் எண்ணம் பின்னரே வலுப்பெற்றது.

மூக்கு முதல் நுரையீரல் வரை நம் மூச்சுப்பாதையின் உட்புறத்தை ஈரமான மெல்லிய படலம் மூடியுள்ளது. அதில் சுரக்கும் சளியில் தூசியும் கிருமியும் சிக்கிக்கொள்கின்றன. மயிரினும் நுண்ணிய குறுஇழைகள் ஓயாது அசைந்து அச்சளியை மேல்நோக்கித் தள்ளுகின்றன. உயிர்ச்சத்து ‘ஏ’ குறைந்தால் இப்படலம் வறண்டு, தோலைப் போல் தடித்துவிடும். அச்சத்துக் குறைவால் கண் வறள்வதும் இவ்வாறே.

அமெரிக்கக் கண் மருத்துவர் ஆல்பிரட் சோமர், 1970களின் இறுதியில் இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் குழந்தைகளின் கண்களை ஆராய்ந்தார். மாலைக்கண் போன்ற சிறு குறைபாடு உடைய குழந்தைகள், மற்றவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு மிகுதியாக இறந்ததை அவர் கண்டார். மூச்சு நோய்களும் வயிற்றுப்போக்கும் அவர்களை மிகுதியாகத் தாக்கின. பின்னர்ச் சுமத்ராத் தீவின் அச்சே பகுதியில் இம்மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அம்முடிவு 1986இல் வெளிவந்தது.

தமிழ்நாட்டிலும் இத்தகைய ஆய்வு நடந்தது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் வீடுகளுக்கு வாரந்தோறும் ஊழியர்கள் சென்றனர். ஒரு பகுதியினருக்குச் சிறிதளவு உயிர்ச்சத்து ‘ஏ’ கொடுத்தனர். மற்றவர்களுக்கு அது சேராத மருந்தைக் கொடுத்தனர். ஓராண்டு முடிவில், சத்துப் பெற்றவர்களிடையே இறப்பு பாதிக்கும் கீழாகக் குறைந்திருந்தது. ஆனால் வியப்பு என்னவெனில், இருமலும் சளியும் இரு பகுதியினருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வந்தன. அச்சத்து நோய் வருவதைத் தடுக்கவில்லை. நோயுற்ற குழந்தை பிழைப்பதற்கே துணை நின்றது.

தட்டம்மையில் இது தெளிவாகத் தெரிகிறது. அந்நோய் உடலில் உள்ள உயிர்ச்சத்து ‘ஏ’யை விரைவாகக் குறைத்துவிடும்; பின்தொடரும் நிமோனியாவே பல குழந்தைகளின் உயிரைப் பறிக்கும். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் தட்டம்மையால் துன்புற்ற 189 குழந்தைகளை ஆராய்ந்து 1990இல் முடிவை வெளியிட்டனர். உயிர்ச்சத்து பெற்ற 92 பேரில் இருவர் இறந்தனர். பெறாத 97 பேரில் பதின்மர் இறந்தனர்.

தட்டம்மையோடு தொடர்பில்லாத நிமோனியாவுக்கு இது மருந்தாகாது. ஒன்று முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருமலோடு நிமிடத்துக்கு 40 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால், அல்லது மூச்சிழுக்கும்போது மார்பின் அடிப்பகுதி உள்ளே குழிந்தால், உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுதல் வேண்டும். உயிர்ச்சத்துக் கொடுத்தாயிற்று என்று காத்திருத்தல் கூடாது.

எல்லா ஆய்வுகளும் ஒரே விடையைத் தரவில்லை. உத்தரப்பிரதேசத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் குழந்தைகளிடையே நடந்த ஆய்வின் முடிவு 2013இல் வெளிவந்தது. அங்கே இறப்பில் கண்ட குறைவு மிகச் சிறிது. எனவே எல்லாக் குழந்தைகளுக்கும் இதனைத் தொடர்ந்து கொடுத்தல் தேவையா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். அவ்வாதம் நல்லதே, ஆயினும் சத்துக் குறைந்த குழந்தைக்கு அச்சத்து வேண்டும் என்பதில் ஐயமில்லை.

முருங்கைக்கீரை, கேரட், பப்பாளி, மாம்பழம் ஆகியவற்றில் உள்ள நிறப்பொருளை நம் உடல் உயிர்ச்சத்து ‘ஏ’யாக மாற்றிக்கொள்ளும். சிறிது எண்ணெயோ நெய்யோ சேர்ந்தால் அது நன்கு உட்கொள்ளப்படும். கரைசலோ செறிவு மிக்கது. கல்லீரலில் பல மாதங்கள் தங்குவது. அளவு மீறினால் தலைவலியும் வாந்தியும் உண்டாகும். ஆகவே கொடுத்த நாளைக் குழந்தையின் தடுப்பூசி அட்டையில் குறிக்கின்றனர். ஊர் விட்டு ஊர் செல்லும் குடும்பத்தார் அவ்வட்டையை உடன் எடுத்துச் சென்றால், புதிய ஊரின் அங்கன்வாடிப் பணியாளர் அடுத்த முறை எப்போது என்பதை அதைக்கொண்டே அறிவார்.