60 பேர், ஒரு கப்பல், ஒரு க்ளெய்ம் ஃபைல்: சம்பளக்காரங்க விளையாட வேண்டிய கேம்



நம்ம சேனல்ல அடிக்கடி வர்ற கேள்வி இது: "சார், போனஸ் வந்திருக்கு, ஒரு கேமிங் கன்சோல் வாங்கலாமா?" எமர்ஜென்சி ஃபண்ட் இருக்கா, டேர்ம் பாலிசி இருக்கா, கிரெடிட் கார்டு பாக்கி இல்லையா? அப்ப தாராளமா வாங்குங்க. 'நோ காஸ்ட் இஎம்ஐ'ல வாங்கறவங்க மட்டும் ஒண்ணு கவனிங்க. வட்டியைத் தள்ளுபடியா கழிச்சுக் கொடுத்தாலும், அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி உங்க கார்டு பில்லுல வந்து உட்காரும். பிராசசிங் ஃபீ இருந்தா அது தனி.

இன்னைக்கு விஷயம் அது இல்ல. கன்சோல் வாங்கினவங்க அடுத்து கேட்கிறது, "எந்த கேம்ல ஆரம்பிக்கலாம்?" என்னோட பதில் எப்பவும் ஒண்ணுதான்: 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்'.

இதுல நீங்க வீரன் இல்ல, திருடன் இல்ல, கார் ஓட்டறவனும் இல்ல. கிழக்கிந்தியக் கம்பெனியோட லண்டன் ஆபீஸ்ல வேலை பார்க்கிற இன்சூரன்ஸ் அதிகாரி. வண்டி இடிச்சா வீட்டுக்கு வந்து போட்டோ எடுத்து, "இது பழைய டென்ட் சார்"னு சொல்றாரே சர்வேயர், கிட்டத்தட்ட அவர் வேலைதான் உங்களுக்கு. சி.ஏ. வேற எந்த கேமைச் சொல்லப் போறாருன்னு நீங்க சிரிக்கிறது கேட்குது. சிரிங்க, பரவாயில்ல.

கதை இதுதான். 1802-ல் ஓப்ரா டின் என்ற சரக்குக் கப்பல் லண்டன்ல இருந்து கிழக்கு நோக்கிக் கிளம்புது. நன்னம்பிக்கை முனைக்கு வந்து சேர வேண்டிய நேரத்தில் வரல. கடலில் தொலைந்ததாக எழுதி ஃபைலை மூடிடறாங்க. 1807 அக்டோபர்ல அதே கப்பல், கிழிஞ்ச பாய்மரத்தோட, ஆள் நடமாட்டமே இல்லாம, இங்கிலாந்தின் ஃபால்மவுத் துறைமுகத்துக்கு மிதந்து வருது. கிளம்பும்போது அதுல இருந்தவங்க 60 பேர். அந்த 60 பேருக்கும் என்ன ஆச்சுன்னு கணக்கு எழுதணும். அவ்வளவுதான் கேம்.

கப்பலும் ஆட்களும் கற்பனை. கம்பெனி மட்டும் நிஜம், அதுவும் நமக்கு நல்லாவே தெரிஞ்ச நிஜம். சென்னையில புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டிய அதே கம்பெனிதான். கப்பலின் ஆள் பட்டியல்ல சில பெயர்களுக்கு எதிரே சொந்த நாடு 'இந்தியா'ன்னு போட்டிருக்கும். அந்தக் காலத்து ஐரோப்பியக் கப்பல்கள்ல வேலை பார்த்த லஸ்கர் மாலுமிகளோட நினைவு அந்த வரிகள்ல இருக்கு.

இதை உருவாக்கினவர் லூகாஸ் போப். ஜப்பான்ல வசிக்கிற அமெரிக்கர். 2013-ல் 'பேப்பர்ஸ், ப்ளீஸ்'னு ஒரு கேம் பண்ணினார். அதுல நீங்க எல்லைச் சாவடியில பாஸ்போர்ட் சரிபார்க்கிற குமாஸ்தா. ஆபீஸ் வேலையை கேம் ஆக்கறதுல இவருக்கு நிகர் இவர்தான். ஓப்ரா டின் 2018 அக்டோபர்ல கம்ப்யூட்டருக்கு வந்துச்சு. சரியா ஒரு வருஷம் கழிச்சு பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், நின்டெண்டோ ஸ்விட்ச் மூணுலயும் வெளியாச்சு. பாஃப்டா விருது உட்பட நிறைய வாங்கியிருக்கு. ஒரே தடவை காசு கொடுத்தா போதும், உள்ளே போய் பொம்மைச் சட்டைக்கும் வாளுக்கும் தனியா கார்டு தேய்க்கிற வேலை கிடையாது. ஒரு கேம்ல முதல்ல இதைப் பார்க்கிறது என் தொழில் பழக்கம்.

உங்க கையில ரெண்டே பொருள். ஒண்ணு ஒரு பாக்கெட் கடிகாரம். சடலத்துக்குப் பக்கத்துல போய் அதைத் திறந்தா, முதல்ல கறுப்புத் திரையில சத்தம் மட்டும் கேட்கும்: பேச்சு, காலடி, துப்பாக்கி வெடி. அப்புறம் அந்த ஆள் செத்த அந்த நொடி அப்படியே உறைஞ்சு நிக்கும். அதுக்குள்ள நீங்க நடந்து சுத்திப் பார்க்கலாம். யார் கையில கத்தி, யார் ஓடறாங்க, மூலையில நின்னு சாட்சியா பார்க்கிறது யார்னு ஒவ்வொரு முகமா பார்க்கலாம்.

இன்னொண்ணு ஒரு புத்தகம். எனக்கு கேமே இந்தப் புத்தகம்தான். உள்ளே கப்பலோட ஒவ்வொரு தளத்தின் வரைபடம், பயணப் பாதை, ஓவியர் வரைஞ்ச கூட்டப் படங்கள், பெயர் - பதவி - நாடுன்னு 60 பேர் பட்டியல். படத்துல முகம் இருக்கு, பெயர் இல்ல. பட்டியல்ல பெயர் இருக்கு, முகம் இல்ல. ரெண்டையும் சேர்க்கறது உங்க பொறுப்பு. ஒவ்வொருத்தருக்கும் மூணு கட்டம்: இவர் யார், எப்படிச் செத்தார், கொன்னது யார். உயிரோட தப்பிச்சிருந்தா எங்கே இருக்கார்னு எழுதணும்.

ஒரே ஒரு உதாரணம் சொல்றேன். ஆரம்பத்துலயே வர்றதால பெரிய ஸ்பாய்லர் இல்ல. கேப்டன் தன் மனைவியோட சடலத்துக்குப் பக்கத்துல பேசற காட்சி வரும். உன் தம்பியை நான்தான் சுட்டேன்கிற அர்த்தத்துல சொல்வார். அண்ணனோ தம்பியோ, கூடப் பிறந்தவன். சரி, யார் அந்த ஆள்? காட்சி சொல்லாது. பட்டியலை எடுத்துப் பாருங்க, மனைவியோட பெயருக்கு நடுவுல 'ஹாஸ்கட்'னு ஒரு வார்த்தை. அது பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர். கீழே தேடினா கப்பலோட முதல் மேட் பெயர் வில்லியம் ஹாஸ்கட். முடிஞ்சுது. ஒரு பேச்சு, ஒரு பட்டியல், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா ஒரு மனுஷனுக்குப் பெயர் கிடைச்சிடுச்சு.

பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் கேஷ் புக்கையும் ஒத்துப் பார்க்கிறப்ப ஒரு என்ட்ரி டக்குன்னு பொருந்துமே, அதே சந்தோஷம். ஆர்ட்டிகிள்ஷிப் பண்ணினவங்களுக்குப் புரியும். மத்தவங்க இந்த கேம்ல தெரிஞ்சுக்கலாம்.

போகப் போக கஷ்டமாகும். யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. உச்சரிப்பு, சட்டை, தொப்பி, யார் யார்கூட உட்கார்ந்து சாப்பிடறாங்க, யார் எந்த அறையில தூங்கறாங்கன்னு பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும். வீட்டுல நான் கன்ட்ரோலரும் பட்டியலுமா இருந்தா, என் மனைவி முகங்களைப் பிடிப்பாங்க. "இவன் அந்தப் பக்கம் நின்னவன்ங்க, அதே சட்டை"ன்னு அவங்க சொன்னது பல இடத்துல சரியா இருந்துச்சு. சோஃபாவுல ரெண்டு பேர் உட்கார்ந்து ஆடறதுக்கு இதை விட நல்ல ஒற்றையாள் கேம் எனக்குத் தெரியல.

இப்ப முக்கியமான விதி. நீங்க எழுதினது சரியா தப்பான்னு கேம் உடனே சொல்லாது. மூணு பேரோட விதி முழுசா சரியா இருந்தாத்தான் அந்த மூணையும் சேர்த்து அச்சடிச்சு உறுதி பண்ணும். ரெண்டு சரி, ஒண்ணு தப்புன்னா மௌனம்தான். ஒவ்வொரு பெயரா மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்துத் தேறலாம்னு நினைக்கிறவங்களுக்கு இது செக். ஆனாலும் சில பேர் ரெண்டை உறுதியா வெச்சுக்கிட்டு மூணாவதுல குருட்டாம்போக்கா பெயர் சுத்துவாங்க. அது டேலி ஆகாத வித்தியாசத்தைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல போடற வேலை. கேம் விட்டுடும், ஆனா கேம் போச்சு. முகம் மங்கலா இருந்தா இன்னும் தகவல் போதலன்னு அர்த்தம், தெளிவானா கண்டுபிடிக்கிற அளவுக்கு ஆதாரம் உங்க கையில இருக்குன்னு அர்த்தம். அந்தக் குறிப்பை நம்பி பொறுமையா இருங்க.

கடைசியில என்ன நடக்கும்? கதை சொல்ல மாட்டேன். க்ளெய்ம் பக்கம் மட்டும் சொல்றேன். நீங்க எழுதிய புத்தகத்தை வெச்சு கம்பெனி ஒவ்வொருத்தர் குடும்பத்துக்கும் செட்டில்மென்ட் போடும். கடமையில செத்தவர் குடும்பத்துக்கு இழப்பீடு. கலகம், கொலைன்னு பதிவானவரோட சொத்து மேல அபராதம். அதுவரைக்கும் புதிரா மட்டும் பார்த்த ஒவ்வொரு வரிக்கும் பின்னாடி எங்கேயோ ஒரு வீட்டுல ஒரு மனைவி, ஒரு அம்மா காசுக்காகக் காத்திருக்காங்கன்னு அப்பத்தான் உறைக்கும். நீங்க அலட்சியமா ஒரு பெயரை மாத்திப் போட்டிருந்தா, அந்த வீட்டுக்குப் பணத்துக்குப் பதிலா பழி போகும்.

இந்த இடம் என்னை ரொம்ப பாதிச்சது, ஏன்னா இதே வேலையைச் செய்யற குடும்பங்களை நான் ஆபீஸ்ல பார்க்கிறேன். முப்பது, முப்பத்தஞ்சு வயசுல ஒருத்தர் போயிட்டார். வீட்டுல இருக்கறவங்க கையில ஒரு போன், அதோட லாக் தெரியாது. ஒரு இமெயில், பாஸ்வேர்டு தெரியாது. பேங்க் எஸ்எம்எஸ்ல வர்ற பிரீமியம் டெபிட்டை வெச்சு எந்த கம்பெனி பாலிசின்னு தேடுவாங்க. பழைய ஆபீஸ் சம்பளச் சீட்டுல பிஎஃப் நம்பர் தேடுவாங்க. கடிகாரம் கிடையாது. பட்டியல் கூட கிடையாது. ஓப்ரா டின் அதிகாரியை விட அவங்க நிலைமை மோசம்.

வேலையில இருக்கும்போது இறந்த பிஎஃப் உறுப்பினர் குடும்பத்துக்கு இடிஎல்ஐ திட்டத்துல 7 லட்சம் ரூபாய் வரைக்கும் காப்பீடு இருக்கு. உங்க சம்பளத்துல அதுக்கு ஒரு ரூபாய் பிடிக்கிறதில்ல, கம்பெனிதான் கட்டுது. எத்தனை பேர் வீட்டுல இது தெரியும்? கல்யாணத்துக்கு முன்னாடி, குடும்பம்னு யாரும் இல்லாதப்ப தம்பி பேர்லயோ தங்கை பேர்லயோ போட்ட பிஎஃப் நாமினேஷன், கல்யாணம் ஆனதும் விதிப்படி செல்லாது. திரும்பப் போடணும். யுஏஎன் போர்ட்டல்ல இ-நாமினேஷன் பத்து நிமிஷ வேலை.

க்ளெய்ம்ல விசாரணைக்கும் ஒரு கால எல்லை உண்டு. இன்சூரன்ஸ் சட்டம் 45-ஆவது பிரிவுப்படி ஆயுள் காப்பீட்டுப் பாலிசியை 3 வருஷத்துக்கு அப்புறம் எந்தக் காரணம் சொல்லியும் கேள்வி கேட்க முடியாது. அதுக்குள்ள நடந்தா, நீங்க ஃபார்ம்ல எழுதின ஒவ்வொரு பதிலையும் கம்பெனி திரும்பிப் பார்க்கலாம். சிகரெட் பழக்கத்தை மறைச்சவங்க இதைக் கொஞ்சம் யோசிங்க. அப்புறம், காணாம போனவங்க விஷயம். காணாம போன கப்பலுக்கு நம்ம கடல்சார் காப்பீட்டுச் சட்டம் 'நியாயமான காலம்' வரைக்கும் தகவல் இல்லைன்னா முழு இழப்புன்னு எடுத்துக்கலாம்னு சொல்லுது. மனுஷனுக்கு அப்படி இல்ல, 7 வருஷம் தகவலே இல்லைன்னாத்தான் இறந்ததா சட்டம் அனுமானிக்கும். ஓப்ரா டின் அஞ்சே வருஷத்துல திரும்பி வந்துடுச்சு.

புத்தகத்துல இருக்கிற அந்த ஆள் பட்டியல் மாதிரி, உங்க அக்கவுண்ட், பாலிசி, கடன் எல்லாத்துக்கும் ஒரு பக்கப் பட்டியல் எழுதி, அது எங்கே இருக்குன்னு வீட்டுல ஒருத்தர்கிட்ட சொல்லுங்க. பாஸ்வேர்டு எழுத வேண்டாம், பெயரும் நம்பரும் போதும். இதுக்கான ஷீட் எப்படிப் போடறதுன்னு சேனல்ல தனி வீடியோவா பண்றேன்.

சரி, கேமுக்கு வருவோம். படம் முழுக்க கறுப்பு வெள்ளைப் புள்ளிகள்தான், பழைய மெக்கின்டோஷ் கம்ப்யூட்டர் திரை மாதிரி. பெரிய டிவியில சிலருக்குக் கண் உறுத்தும். கொஞ்சம் தள்ளி உட்காருங்க, செட்டிங்ஸ்ல வேற பழைய மானிட்டர் நிறங்களும் இருக்கு, மாத்திக்கலாம். பிளேஸ்டேஷன் 5 வெச்சிருக்கவங்க பிளேஸ்டேஷன் 4 பதிப்பையே அதுல ஓட்டலாம். தமிழ் கிடையாது, ஆங்கில சப்டைட்டில் ஆன் பண்ணிக்கோங்க, ஆனா காதையும் கூர்மையா வெச்சுக்கோங்க, உச்சரிப்பே பல இடத்துல ஆதாரம். ரத்தம், கை கால் துண்டாவது எல்லாம் இருக்கு, குழந்தைங்க தூங்கினப்புறம் ஆடுங்க. ரெண்டு மூணு வார இறுதியில முடிஞ்சிடும். ஒரு தடவை விடை தெரிஞ்சா திரும்ப ஆட முடியாத கேம், அதனால மாட்டிக்கிட்டா யூடியூப்ல விடை தேடாதீங்க. என் சேனல்லயும் தேடாதீங்க, நான் போட மாட்டேன். ஏற்கனவே முடிச்சவங்க கமெண்ட்ல எத்தனை விதி சரியா எழுதினீங்கன்னு மட்டும் சொல்லுங்க, யார் யாரைக் கொன்னாங்கன்னு எழுதினா டெலிட் பண்ணிடுவேன்.