தொழில்நோக்கு வகுப்பறையும் மாணாக்கர் ஊக்கமும்

மக்கள் தத்தம் சீவனோபாயத்தைத் தேடிக்கொள்ளுதற்கு உதவுவது கல்வியின் பயன்களுள் ஒன்று என்பதை எவரும் மறுப்பாரல்லர். ஆயினும், தச்சுவேலை, மின்னிணைப்பு, கணக்குப்பதிவு, தையல் என்னும் இவற்றைப் பயிற்றும் வகுப்பொன்றினுள் நுழைந்து பார்ப்போர்க்கு ஒரு வியப்புத் தோன்றுதல் கூடும். நாளை தனக்குச் சோறு தரவிருக்கும் பாடம் இதுவே என்பதை நன்கறிந்த மாணாக்கனே அங்குக் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பான். பயன் வெளிப்படையாகத் தெரிந்தும் மனம் பற்றாதிருத்தற்குக் காரணம் யாது? மாணாக்கனது சோம்பலைக் காரணமாகக் கூறுதல் எளிது. வேலை எந்த ஒழுங்கிற் கற்பிக்கப்படுகின்றது, செய்யப்படும் பொருள் யாருக்குப் பயன்படப் போகின்றது என்னும் இரண்டினையும் ஆராய்ந்த பின்னரே அக்காரணத்தை நாடுதல் நீதியாகும். இவ்விரு வினாக்களும் இன்று நேற்று எழுந்தன அல்ல. சென்ற நூற்றைம்பது ஆண்டுகளாகப் பல நாட்டு ஆசிரியர் இவற்றோடு போராடியுள்ளனர்.

1868ஆம் ஆண்டளவில், மொஸ்கோ நகரத்து அரச தொழில்நுட்பப் பாடசாலையின் தலைவராக விளங்கிய விக்ரர் தெல்லா வொஸ் என்பார் தொழிற்பயிற்சியிற் பெரியதொரு மாற்றத்தைச் செய்தார். அதுகாறும் தொழில் பயில விரும்புவோன் தேர்ந்த தொழிலாளி ஒருவனின் பக்கத்தில் நின்று, அவன் செய்வதைப் பார்த்துப் பார்த்தே பழக வேண்டியிருந்தது. ஒருவனிடத்தில் இருவர் மூவர்க்கு மேற் பயிலல் இயலாது. பயிலும் ஒழுங்கோ அன்றன்று வரும் வேலையைப் பொறுத்தது. தெல்லா வொஸ் பயிற்சிப் பட்டறையை உற்பத்திப் பட்டறையினின்றும் பிரித்தார். ஒவ்வொரு தொழிலையும் அதற்குரிய கருவிகளாகவும் செயல்களாகவும் பகுத்து, எளியன முன்னும் அரியன பின்னுமாகப் பயிற்சிகளை நிரல்படுத்தினார். அறுத்தல், சீவுதல், துளையிடுதல், மூட்டுப் பொருத்துதல் எனப் படிப்படியாகச் சென்றால், ஓர் ஆசிரியர் ஒரே வேளையிற் பலருக்குக் கற்பித்தல் கூடும். இப்பாடசாலையின் பயிற்சி மாதிரிகள் 1876இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்துப் பொருட்காட்சியில் வைக்கப்பட்டன. அவற்றைக் கண்ட மசசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் தலைவர் யோன் ரங்கிள் பெரிதும் கவரப்பட்டுத் தம் நிறுவனத்திலும் அம்முறையைப் புகுத்தினார். சில ஆண்டுகளுள் சென் லூயிஸ் நகரிற் கல்வின் வூட்வேட் நிறுவிய கைத்தொழிற் பாடசாலையும் அவ்வழியையே பின்பற்றியது.

இம்முறையின் அருமையைக் குறைத்துக் கூறுதல் தகாது. நூறு பேருக்குக் கற்பிக்க வேண்டிய பாடசாலை, பகுத்தலும் நிரல்படுத்தலும் இன்றி நடைபெற மாட்டாது. ஆனால் அதில் ஒரு குறை உண்டு. மாணாக்கன் இரண்டு வாரம் முயன்று பொருத்திய மூட்டு எந்தக் கதிரைக்கும் உரியதன்று. எந்தக் கதவிலும் அது இடம்பெறாது. ஆசிரியர் அதனைத் திருப்பிப் பார்த்துப் புள்ளியிடுவார். அதன் பின்னர் அது விறகுக் குவியலைச் சேரும். தன் உழைப்பு அடுப்புக்குப் போவதை ஒருமுறை கண்ட சிறுவன் அடுத்த மூட்டை எத்துணைக் கருத்தோடு அறுப்பான் என்பதை நாம் ஊகித்தறியலாம்.

இக்குறையை நன்குணர்ந்து வேறுவழி சென்றவர் சுவீடன் நாட்டு ஒற்றோ சலொமன் (1849–1907) என்பவர். பின்லாந்திலே ஊனோ சிக்னேயஸ் என்பார் 1866இல் நாட்டுப் பாடசாலைகளிற் கைவேலையை ஒரு பாடமாக்கியிருந்தார். அதனை வளர்த்தெடுத்த சலொமன், கோத்தன்பேர்க் நகருக்கு அண்மையிலுள்ள நேஸ் என்னுமிடத்தில் ஆசிரியர்க்கென ஒரு பயிற்சிக் கழகத்தை நடத்தினார். பல நாடுகளிலிருந்தும் ஆசிரியர் ஆங்குச் சென்று பயின்றனர். ‘ஸ்லொய்ட்’ எனப் பெயர்பெற்ற அவருடைய முறையிலும் எளியன முன்னும் அரியன பின்னுமாக நிரல் உண்டு. வேறுபாடு யாதெனின், நிரலில் வரும் ஒவ்வொன்றும் வீட்டுக்கு வேண்டிய முழுமையான பொருள் என்பதே. பூஞ்செடியைத் தாங்குங் கோல், சுத்தியற் பிடி, அகப்பை, பின்னர்ச் சிறு மேசை என அது செல்லும். முதற் கருவியாகக் கத்தியையே அவர் கொடுத்தார். நாட்டுப்புறச் சிறுவன் கையில் முன்னரே பழகிய கருவி அதுவன்றோ! செய்து முடித்த பொருள் செய்தவனுக்கே உரியது. அவன் அதனைத் தாயிடம் கொண்டுபோய்க் கொடுப்பான்.

சலொமன் வகுத்த விதிகளுள் ஒன்றை நம் ஆசிரியர் சிறப்பாகக் கருத்திற் கொள்ளல் வேண்டும். மாணாக்கன் செய்யும் பொருளில் ஆசிரியர் கைவைத்தலாகாது என்பது அது. மாணாக்கன் தடுமாறுங்கால் அவனுடைய உளியை வாங்கி இரண்டு தட்டுத் தட்டிச் சரிசெய்து கொடுத்தல் நமக்கு இயல்பாய் வந்த பழக்கம். அதை உதவி என்றே நினைக்கின்றோம். அந்த இரண்டு தட்டுக்களோடு அப்பொருள் அவனுடையதாயிருத்தல் ஒழிந்துவிடுகின்றது. காட்ட வேண்டியதை வேறொரு துண்டிற் காட்டுதலே முறை.

ஒழுங்கு பற்றிய வினாவுக்கு எதிர்பாராத ஓரிடத்திலிருந்து விடை கிடைத்தது. 1970களிலே மேற்காபிரிக்காவின் லைபீரியா நாட்டில், வாய், கோலா என்னும் இனங்களைச் சேர்ந்த தையற்காரரிடம் தொழில் பயிலும் இளைஞரை யீன் லேவ் என்னும் அமெரிக்க மானிடவியலாளர் ஆராய்ந்தார். அவர் கண்டவை 1991இல் எற்றியென் வெங்கருடன் சேர்ந்து எழுதிய நூலிலும் இடம்பெற்றன. ஓர் ஆடை உருவாதற்கு முதலில் துணியை வெட்டுதல், அடுத்துத் தைத்தல், இறுதியிற் பொத்தான் வைத்தும் விளிம்பு மடித்தும் நிறைவு செய்தல் என்பதே உற்பத்தி ஒழுங்கு. பயிற்சியோ இதற்கு நேர்மாறாகச் சென்றது. புதிதாய் வந்தவன் முதலிற் பொத்தான் வைக்கவும் விளிம்பு தைக்கவும் பழகுவான். அதன்பின் துண்டுகளை இணைக்கப் பழகுவான். வெட்டுதலை இறுதியிலேயே அறிவான். தொப்பி, சிறுவர் உடை முதலியன முன்னும், சிறப்பு நாட்களில் அணியும் உடைகள் பின்னும் அவன் கைக்கு வந்தன.

இவ்வொழுங்கின் நுட்பத்தைச் சிந்தித்தல் வேண்டும். பொத்தானைப் பிழையாக வைத்தால் நூலை அறுத்து மீண்டும் வைக்கலாம். துணியைப் பிழையாக வெட்டினாலோ துணியே நட்டமாகும். ஆகவே, பிழையின் விலை குறைந்த இடத்திற் பயிற்சி தொடங்குகின்றது. அன்றியும், முதல் நாளிலேயே முழு ஆடை ஒன்று மாணாக்கன் கையில் இருக்கின்றது. இந்தத் துண்டு ஏன் இவ்வடிவில் வெட்டப்பட்டது என்பதைத் தைக்கும்போதே அவன் கண்டுகொள்கின்றான். வெட்டும் நாள் வரும்போது அவனுக்குக் காரணங்கள் முன்னரே தெரிந்திருக்கும்.

துறையிலும் பட்டறையிலும் நின்று பழகுதல் நம்மவர்க்குப் புதியதன்று. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்டு, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்த ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலைப் பாடசாலை வகுப்பொன்று உருவாக்கவில்லை. ஆனால் கடற்கரையில் இயல்பாய் நிகழ்ந்ததை, மணியடித்தால் எழுந்து போகும் வகுப்பறையில் எங்ஙனம் நிகழச் செய்வது என்பதே நம் இடர்ப்பாடு.

கணக்கியல் வகுப்பை எடுத்துக்கொள்வோம். மூல ஆவணம், முதற்பதிவேடு, பேரேடு, பரீட்சை மீதி, இறுதிக் கணக்கு என்னும் ஒழுங்கிலேயே நாம் கற்பித்து வருகின்றோம். இறுதிக் கணக்கை மாணாக்கன் காணுமுன் மாதங்கள் பல கழிந்துவிடும். அதுவரை வரவு எது செலவு எது என்னும் விதிகளைக் காரணந் தெரியாமலே மனனஞ் செய்கின்றான். தையற்காரரின் ஒழுங்கிலோ, முதல் வாரத்திலேயே பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையின் ஒரு மாதக் கணக்கை ஏறத்தாழ முடித்த நிலையில் அவனிடம் கொடுத்து, இலாபமா நட்டமா என்று மட்டும் கண்டுபிடிக்கச் சொல்லலாம். வடையும் தேநீரும் விற்றதில் இலாபம் என்ன என்று அறிய விரும்பாத சிறுவன் இரான். அடுத்த மாதம் பேரேட்டை மட்டும் கொடுத்துப் பரீட்சை மீதியை அவனே தயாரிக்கட்டும். மூன்றாம் மாதம் கசங்கிய பற்றுச்சீட்டுக் கட்டு ஒன்றையே மேசையில் வைத்துவிடலாம். அதனுள் ஒரு சீட்டுக் குறைந்தால் இறுதியில் என்ன நேரும் என்பதை அவன் அப்போது அறிவான்.

இனிச் செய்துகாட்டுதல் பற்றிச் சிறிது கூறுவாம். முதலாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கப்பல் கட்டுந் துறைகளுக்குத் தொழிலாளரை விரைந்து பயிற்ற வேண்டியபோது, சாள்ஸ் அலன் என்பார் ஆயத்தஞ் செய்தல், எடுத்துக்காட்டல், செய்வித்தல், சோதித்தல் என நான்கு படிகளை வகுத்தார். பிற்காலத்தில், 1998இல், றொட்னி பெய்ற்றன் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் மருத்துவ மாணாக்கர்க்கென வேறு நான்கு படிகளைக் கூறினார். ஆசிரியர் முதலிற் பேசாமல் இயல்பான வேகத்திற் செய்துகாட்டுவார். இரண்டாம் முறை ஒவ்வொரு செயலையும் விளக்கிக்கொண்டு மெல்லச் செய்வார். மூன்றாம் முறை மாணாக்கன் படிகளைச் சொல்ல, அவன் சொற்படி ஆசிரியர் செய்வார். நான்காம் முறை மாணாக்கன் தானே சொல்லிச் செய்வான். இவற்றுள் மூன்றாவதே பெரும் பயன் தருவது என்பது என் துணிபு. மின்னிணைப்பு வகுப்பில், மின் துண்டிக்கப்பட்ட பயிற்சிப் பலகையிலே, ‘அடுத்து எந்தக் கம்பியை ஆளியிற் பொருத்தட்டும்?’ என்று ஆசிரியர் கேட்டு நிற்கும்போது உறங்குவோர் எவருமிலர். பிழையாகச் சொன்னால் ஆசிரியர் பிழையாகவே பொருத்துவார், விளக்கு எரியாது. வகுப்பு முழுவதும் சேர்ந்து காரணத்தைத் தேடும்.

கட்டடத்துக்குச் சாரங் கட்டுவது போல உதவி தருதலும், சுவர் காய்ந்தபின் சாரத்தைக் கழற்றுதலும் ஆசிரியர் தொழிலின் இரு பகுதிகள். கொலின்ஸ், பிறவுண், நியூமன் என்போர் 1989இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இவற்றை விரித்துரைத்தனர். சாரங் கட்டுதலில் நாம் வல்லுநர், கழற்றுதலிலேதான் தாமதிக்கின்றோம்.

இலங்கையின் அனுபவத்தை நோக்கின், முன்னர்க் கூறிய இரு வினாக்களும் எத்துணை முக்கியமானவை என்பது புலனாகும். 1972இல் ஏற்பட்ட கல்விச் சீர்திருத்தம், ஆறாம் வகுப்புத் தொடக்கம் தொழில் முன்னிலைப் பாடங்களைக் கட்டாயமாக்கிற்று. அவ்வவ்விடத்து மக்கள் செய்யும் தொழில்களையே மாணாக்கர் ஆராய்தல் வேண்டுமென்பது அதன் நோக்கம். நோக்கம் நன்றே. ஆனால் உழைத்துப் பழகாத ஆசிரியரும், கருவியற்ற வகுப்பறையும் சேர்ந்து அதனை ஏட்டுப் பாடமாக்கிவிட்டன. 1977இல் ஆட்சி மாறியபின் அது கைவிடப்பட்டது. நம் பகுதியிலோ வேறொரு காரணமும் இருந்தது. அதைக் கூறாது விடுதல் நேர்மையன்று. நம்மிடையே தொழில் சாதியோடு பிணைக்கப்பட்டிருந்தது. ‘உங்கள் ஊர்த் தொழிலைப் பயில்க’ என்று பாடசாலை கூறியபோது, ‘உன் தகப்பன் இருந்த இடத்திலேயே நீயும் இரு’ என்று சிலர்க்குக் கேட்டது. ‘நமக்குத் தகாத வேலையைப் பிள்ளைக்குப் பழக்குகின்றார்கள்’ என்று வேறு சிலர்க்குக் கேட்டது. இருசாராரும் தம் பிள்ளைகளை எழுதுவினைஞர் உத்தியோகத்தை நோக்கியே திருப்பினர்.

1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் பின்னர் தொழிற்கல்வி ஓர் ஒழுங்குக்குள் வந்தது. ஏழு மட்டங்களைக் கொண்ட தேசிய தொழிற்றகைமை முறையும் ஏற்பட்டது. அதன் ஏழாம் மட்டம் பட்டத்துக்கு நிகரானது. 2017இல் தொடங்கிய 13 வருடக் கல்வித் திட்டம், சாதாரண தரப் பரீட்சையிற் சித்தியடையாதோரும் பன்னிரண்டாம் வகுப்பிற் தொழிற்பாடம் பயில வழிசெய்தது. அவ்வகுப்புக்கு வருவோர் பலர், தாம் தோற்றவர் என்னும் எண்ணத்தோடேயே வருகின்றனர். இத்தகையோர்க்குத் தொழிற்றகைமை மதிப்பீட்டு முறை ஒரு நன்மை செய்கின்றது. அங்கே புள்ளியில்லை. ‘தேர்ச்சி பெற்றவர்’, ‘இன்னும் தேர்ச்சி பெறாதவர்’ என இரண்டே முடிவுகள் உள. ‘இன்னும்’ என்னும் அச்சொல்லை ஆசிரியர் மெய்யாகவே கருதிச் சொல்லின், மாணாக்கன் மறுபடியும் உளியை எடுப்பான்.

நிருவாகிகள் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. ஒற்றைப் பாடவேளையில் கருவிகளை எடுத்து அடுக்கவும், திருப்பி வைக்கவும், கை கழுவவும் போக எஞ்சுவது சொற்பமே. ஆகையால் தொழிற்பாடத்துக்கு இரண்டு மூன்று பாடவேளைகளை ஒருங்கே ஒதுக்குதல் வேண்டும்.

செய்யும் பொருளைப் பயன்படுத்துவோரைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. ஏறக்குறைய எல்லாப் பாடசாலைகளிலும் கால் முறிந்த கதிரைகளும் பலகை கழன்ற மேசைகளும் பின்னறையிற் குவிந்து கிடக்கின்றன. முதலாந் தவணையில் ஒரு மாணாக்கனுக்கு ஒரு கதிரை வீதம் கொடுக்கலாம். மினுக்குத் தாளால் தேய்த்து மெருகிடுதலில் தொடங்கி, தளர்ந்த மூட்டை இறுக்கி, முறிந்த காலுக்குப் புதிய கால் அறுத்துப் பொருத்துதல் வரை அவன் பின்னோக்கிச் செல்லட்டும். தவணை முடிவில் அக்கதிரைகளை ஆறாம் வகுப்புக்குக் கொண்டுபோய் வைத்தால், அடுத்த நாட்காலை அவற்றில் இருபது சிறுவர் இருப்பர்.